நில்லுங்கோ

உவர்மலை மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி.
நாற்பத்தொரு பொலிஸார்.
ஒரு மின்விசிறி சுழன்றது,
மற்றது சுழலப் போவதாகச் சத்தமிட்டது.
நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிற எனக்கு
முதல்நாள் பின்னேரம் இரண்டு மணித்தியாலம்:
வாக்கெடுப்பு நிலையத்தில் பேசவேண்டிய தமிழ்.

தெரிந்த தமிழைச் சொல்லுங்கள் என்றேன்.
முதலில் வெட்கம். பிறகு ஒவ்வொருவராக:
நில்.
வா.
இறங்கு.
பையைத் திற.
ஐசி எடு.
எங்கே போறாய்.
கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: சோறு.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வெண்கட்டியால் எழுத எழுதப் பலகை நிறைந்தது.
திருத்த ஒன்றுமில்லை.
ஏவல் வினையை இத்தனை துப்புரவாக
எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் கேட்டதில்லை.
எங்கே படித்தீர்கள் என்று கேட்கவில்லை.
அந்த வகுப்பில் நானும் இருந்திருக்கிறேன்,
பஸ்ஸை விட்டு இறங்கி,
வெயிலில், வரிசையில்,
கீழ்ப்படிகிற பக்கத்தில்.

ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு வால் ஒட்டினேன்:
நில்லுங்கோ. வாங்கோ. இறங்குங்கோ.
'ங்கோ யாழ்ப்பாணம், மிஸ்.
எங்கட பக்கம் நில்லுங்க'
என்று எழும்பினார் கிண்ணியாச் சார்ஜன்ட் முஸம்மில்.
அதுவும் சரி, இதுவும் சரி,
மொட்டையாக மட்டும் விடாதீர்கள் என்றேன்.
கொன்ஸ்டபிள் வீரக்கொடி கை உயர்த்தினார்.
எழுத்துக் கூடிவிட்டதாம்.
அவசரத்துக்கு எப்படிச் சொல்வதாம்.
யாருடைய அவசரத்துக்கு என்று கேட்டேன்.
குறிப்புக் கொப்பியில் அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஒத்திகை.
பிஸ்கட் பெட்டியில் வாய் கீறி வாக்குப்பெட்டி.
திரைச்சீலையால் ஒரு மறைப்பு.
கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது,
மறைப்பின் பக்கம் பார்க்கக்கூடாது,
எந்தக் கட்சிக்காரர் தந்தாலும் தேத்தண்ணி குடிக்கக்கூடாது
என்று அத்தியட்சகர் சொல்லிக்கொண்டிருக்க
பக்கக் கதவால் வந்தது ஒரு புள்ளிமான்.
இந்த ஊர் மான்களுக்கு
காட்டைவிடக் கடதாசி பழக்கம்.
மாதிரி வாக்குச்சீட்டில் மூன்றை ஆறுதலாகத் தின்றது.
முதல்நாள் முழுக்க வாய் திறக்காத தில்ருக்ஷி
பாய்ந்து குறுக்கே நின்று
'நில்லுங்கோ!' என்றாள்.
அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு.
மான் நின்றது.

பிறகு என் முறை. நான் வாக்காளர்.
வாசலில் வீரக்கொடி.
'வாங்கோ அம்மா. இந்தப் பக்கம் வாங்கோ.'
ஒரு பிழையும் இல்லை.
கேட்கிற தூரத்தில்தான் நின்றேன்,
கேட்கவும் செய்தேன்.
அதற்குள் என் கை பையைத் திறந்துவிட்டது.
திறந்து, அவர் பார்க்கச் சரித்தும் பிடித்தது.
குடை. கண்ணாடிக்கூடு. பாதிப் பணிஸ்.
மற்றக் கையில் ஐசி,
படம் அவர் பக்கமாக.

மண்டபம் பேசவில்லை.
வீரக்கொடியின் உள்ளங்கை
வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது.
வாய் அந்தச் சொல்லைத் தேடியது, கிடைக்கவில்லை.
நான்தான் கற்பிக்கவில்லை.
கட்டளைகளுக்கு வால் ஒட்டுவதிலேயே
இரண்டு மணித்தியாலமும் போயிருந்தது.
கடைசியில் தன் மொழியில், மெதுவாக,
'ஓன நே' என்றார்.
முகம் சிவந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பையை மூடிவிட்டுப் பலகைக்குப் போனேன்.
தேவையில்லை
என்று பெரிதாக எழுதினேன்.
நாற்பத்தொரு பேரும் வாசித்தார்கள்.
இன்னொரு தரம், என்றேன்.
அவர்களுக்காக அல்ல.

மை மட்டும் உண்மையான மை.
ஞாயிற்றுக்கிழமையும் சின்னவிரலில் கிடந்தது.
சந்தையில் மீன் நிறுத்தவர் கண்டுவிட்டு
'தேர்தல் இன்னும் வரேல்ல,
அதுக்குள்ள போட்டிட்டியளோ, ஆருக்கு?' என்றார்.
அது இரகசியம், என்றேன்.
சூடை அரைக்கிலோ.
பையை நானாகத் திறந்து நீட்டினேன்.